கெயினுக்கு அலகு உண்டா? பழைய கண்ட்ரோலரின் எண்களைப் புதியதில் எப்படி இடுவது?

உலைக்கூடம்:
வணக்கம். எங்கள் பட்டறையில் மோட்டார் காயில்களுக்கு வார்னிஷ் பூசி உலர்த்தும் ஓவன் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டிவந்த பழைய கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டுப் பிஎல்சி (இயந்திரங்களை ஓட்டும் தொழிற்சாலைக் கணினி) வைக்கிறோம். பழைய கருவியில் இருந்த அமைப்பு: புரொபோர்ஷனல் பேண்ட் 40 சதவீதம், ரீசெட் நிமிடத்துக்கு 2 ரிப்பீட். அதன் அளவெல்லை 0 முதல் 200 டிகிரி செல்சியஸ். புதிய டிரான்ஸ்மிட்டர் 0 முதல் 400 டிகிரி வரை அளக்கும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பிஎல்சியின் பிஐடி பிளாக், பி (இப்போதைய பிழைக்கு), ஐ (சேர்ந்துவரும் பிழைக்கு), டி (பிழை மாறும் வேகத்துக்கு) என்று மூன்று எண்களைக் கேட்கிறது. எந்த அலகில் என்று கையேட்டில் ஒரு சொல்கூட இல்லை. டி பழையதில் கிடையாது, பூஜ்யம் போட்டுவிடலாம். மற்ற இரண்டுக்கும் என்ன எண் இடுவது? இத்தனை ஆண்டுகள் அலைபாயாமல் ஓடிய ஓவன் இது. அந்தக் குணம் மாறக்கூடாது.

மீட்டர்பெட்டி:
முதலில் பழைய எண்களைப் படித்துவிடுவோம். பேண்ட் 40 சதவீதம் என்றால், அளவெல்லையில் 40 சதவீதம் பிழை (வேண்டிய வெப்பத்துக்கும் அளந்ததற்கும் உள்ள வேறுபாடு) வந்தால் வெளியீடு 0 முதல் 100 வரை முழுவதும் நகரும் என்று பொருள். 100 ஐ 40 ஆல் வகுத்தால் கெயின், அதாவது பிழையை எத்தனை மடங்காக்கி வெளியீடாகத் தருவது என்பது, 2.5. இதன் அலகு "வெளியீட்டுச் சதவீதம் வகுத்தல் உள்ளீட்டுச் சதவீதம்". இரண்டும் சதவீதம் என்பதால் அலகே இல்லை என்று தோன்றும். அங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

உங்கள் பழைய கருவியில் 1 சதவீதம் என்பது 2 டிகிரி. புதியதில் அதே 1 சதவீதம் 4 டிகிரி. பழையதில் ஒரு டிகிரிப் பிழைக்கு ஹீட்டர் 1.25 சதவீதம் நகர்ந்தது. புதியதிலும் அதுவே நடக்க வேண்டுமென்றால் கெயின் 5 ஆக வேண்டும், அதாவது பேண்ட் 20 சதவீதம். டிகிரியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: 200 இல் 40 சதவீதம் 80 டிகிரி, 400 இல் 20 சதவீதம் 80 டிகிரி.

ரீசெட் நிமிடத்துக்கு 2 என்றால், பிழை மாறாமல் நிற்கும்போது முதல் துள்ளலின் அளவை நிமிடத்துக்கு இரண்டு முறை கூட்டும். ஒரு முறைக்கு 30 நொடி. இந்த 30 நொடி அளவெல்லை மாறினாலும் மாறாது. நேரத்தின் அலகு மட்டுமே அதில் இருக்கிறது.

நிலைவெளி:
ஐயா, ஒரு மாற்றுக் கருத்து. நான் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டில் ஆய்வு செய்கிறேன். நாங்கள் எழுதும் சமன்பாடுகளில் கெயின் வெறும் எண். எல்லாவற்றையும் முன்கூட்டியே இயல்பாக்கிவிட்டால் அலகு என்ற பேச்சே எழாது. நிறுவல்களில் அலகு எங்கும் வருவதில்லை. இதைப் பொருத்துவோரின் சிக்கலாகப் பார்க்கலாமே தவிர, கோட்பாட்டின் சிக்கலாக ஏன் பார்க்க வேண்டும்?

செம்பருத்தி:
நிலைவெளி, இயல்பாக்குவது என்பதே ஓர் அலகைத் தேர்ந்தெடுப்பதுதான். "அளவெல்லையில் சதவீதம்" என்பது இயல்பாக்கிய அலகு. அது கருவிக்குக் கருவி மாறுகிறது என்பதை இப்போதுதான் பார்த்தோம். அலகை எழுதாமல் விட்டாலும் அது எண்ணுக்குள் ஒளிந்திருக்கும்.

வகுப்பில் நான் முதல் நாளே செய்யச் சொல்லும் வேலை ஒன்று உண்டு. கண்ட்ரோலரிலிருந்து ஓவனுக்குப் போய், அளவீடாக மீண்டும் கண்ட்ரோலருக்கே வரும் வளையத்தைச் சுற்றி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அலகை எழுத வேண்டும். இந்த ஓவனில் ஹீட்டரை 10 சதவீதம் கூட்டினால் வெப்பம் 30 டிகிரி ஏறி நிலைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவனின் கெயின் சதவீதத்துக்கு 3 டிகிரி. கண்ட்ரோலர் டிகிரிக்கு 1.25 சதவீதம். பெருக்கினால் 3.75. டிகிரியும் போயிற்று, சதவீதமும் போயிற்று. பழைய அளவெல்லையில் கணக்கிட்டால் 2.5 × 1.5 = 3.75. புதியதில் 5 × 0.75 = 3.75. பாரன்ஹீட்டில் 0.694 × 5.4, அதுவும் 3.75. ஒவ்வொரு பெட்டியின் எண்ணும் மாறும், சுற்றிவந்த பெருக்கற்பலன் மாறாது. வளையக் கெயினுக்கு அலகு இருக்க முடியாது. இருந்தால் எங்கோ ஒரு பெட்டி விடுபட்டிருக்கிறது.

இதனால்தான், வளையம் அலைபாயும் எல்லைக்கு இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லும் கெயின் விளிம்பையும் கட்ட விளிம்பையும் வளையக் கெயினிலிருந்து மட்டும் படிக்கிறோம். டெசிபல் என்பது விகிதத்தின் மடக்கை. "சதவீதத்துக்கு 3 டிகிரி" என்பதன் மடக்கை எடுத்து 9.5 டெசிபல் என்று எழுதினால், பாரன்ஹீட்டில் அதே ஓவன் 14.6 டெசிபல் ஆகிவிடும். ஓவன் மாறவில்லையே. வளையக் கெயினின் டெசிபல் மட்டுமே எல்லோருக்கும் ஒன்று.

நேரச் சமன்பாடுகளை இயற்கணிதமாக மாற்றும்போது வரும் லாப்லாஸ் மாறி எஸ் உடைய அலகு 1/நொடி. அடுக்கில் எஸ்ஸும் நேரமும் பெருக்கி வருவதால் அந்தப் பெருக்கற்பலன் வெறும் எண்ணாகத்தான் இருக்க வேண்டும். காலமாறிலியை (ஒரு மாற்றத்துக்கு ஈடுகொடுக்க எடுக்கும் நேரத்தின் அளவு) நிமிடத்தில் எழுதினால் எஸ்ஸும் 1/நிமிடம் ஆகிவிடும். ஒரே கோவையில் ஓவனின் காலமாறிலியை நிமிடத்திலும் ஹீட்டருடையதை நொடியிலும் எழுதினால் 60 மடங்கு பிழை சத்தமில்லாமல் உள்ளே நுழையும். கணத்தாக்குக்கும் (ஒரே கணத்தில் கொடுத்து முடிக்கும் உள்ளீடு) அலகு உண்டு. அதன் கீழ்ப் பரப்பு 1 ஆக இருக்க வேண்டியதால் அதன் உயரத்துக்கு 1/நொடி. ஆகவே கணத்தாக்குத் துலங்கலின் அலகும் படித்துலங்கலின் (உள்ளீடு ஒரு படி ஏறி அங்கேயே நிற்கும்போது வருவது) அலகும் ஒன்றல்ல. மாணவர்கள் இரண்டையும் ஒரே அச்சில் வரைந்து ஒப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

சீக்லரும் நிக்கோல்ஸும் 1942 இல் எழுதிய கட்டுரையில் கண்ட்ரோலரின் கெயினுக்கு "உணர்திறன்" என்று பெயர். அதன் அலகு, வரைதாளில் பேனா நகரும் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்பது. இன்று யாரும் அந்த அலகில் எதையும் அமைப்பதில்லை. ஆனால் அவர்களுடைய விதி இன்றும் நிற்கிறது. வளையம் அலையத் தொடங்கும் கெயினில் 0.45 பங்கு, அலையும் காலத்தை 1.2 ஆல் வகுத்தது ரீசெட் நேரம் என்று விகிதமாகச் சொன்னார்கள். விகிதத்துக்குப் பிஎஸ்ஐயும் தெரியாது, அங்குலமும் தெரியாது. கோட்பாட்டாளர்கள் இயல்பாக்கத்தை இங்கிருந்து கற்கலாம்: முதலில் அலகோடு அளந்தார்கள், பிறகு வகுத்தார்கள்.

உலைக்கூடம்:
மிகவும் நன்றி. கெயின் 5 என்பது புரிந்தது. ஆனால் என் பிளாக் கேட்கும் "ஐ" என்பது நொடியா, நிமிடத்துக்கு ரிப்பீட்டா, வேறேதாவதா? கையேடு சொல்லவில்லை என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

மீட்டர்பெட்டி:
பிளாக்கையே கேட்டுவிடலாம். ஓவனோடு இணைக்காமல், மேசையில் வைத்துச் செய்யுங்கள். மில்லிஆம்ப் சோர்ஸ் ஒன்று போதும்.

உள்ளீடு 12 மில்லிஆம்ப், அதாவது 50 சதவீதம். செட்பாயிண்டும் (வேண்டிய அளவும்) 50. பி = 1, ஐ = 1, டி = 0 என்று இட்டு ஆட்டோவுக்கு மாற்றுங்கள். பிழை இல்லாததால் வெளியீடு அசையாது. இப்போது உள்ளீட்டை 10.4 மில்லிஆம்ப் ஆக்குங்கள். அது 10 சதவீதம் குறைவு. சூடாக்கும் வளையம் என்பதால் வெளியீடு மேலே போக வேண்டும். உடனே எவ்வளவு துள்ளியது? 10 சதவீதம் என்றால் பி உண்மையிலேயே சதவீதத்துக்குச் சதவீதம். 40 சதவீதம் துள்ளினால் அந்த பிளாக் டிகிரியில் கணக்கிடுகிறது. ஏனென்றால் உங்கள் 10 சதவீதம் அதற்கு 40 டிகிரி; வெளியீட்டை எந்த அளவில் எழுதுகிறது என்பதையும் அப்போது பார்க்க வேண்டியிருக்கும்.

துள்ளலுக்குப் பிறகு சாய்வாக ஏறும். இன்னொரு 10 சதவீதம் ஏற எவ்வளவு நேரம்? ஒரு நொடி என்றால் அலகு நொடி. ஒரு நிமிடம் என்றால் நிமிடம்.

அடுத்த சோதனையை விட்டுவிடாதீர்கள். ஐயை அப்படியே வைத்து, பியை மட்டும் 2 ஆக்கி, மறுபடி அதே 10 சதவீதம் கொடுங்கள். சாய்வும் இரட்டித்தால் அது நிலையான வடிவம்: பி எல்லாவற்றுக்கும் வெளியே நின்று பெருக்குகிறது, ஐ என்பது நேரம் அல்லது நேரத்தின் தலைகீழ். சாய்வு மாறவில்லை என்றால் இணை வடிவம். அதில் மூன்று எண்களுக்கும் மூன்று தனி அலகு. அளவெல்லை மாறினால் மூன்றையும் மாற்ற வேண்டும். நிலையான வடிவத்தில் பியை மட்டும் மாற்றினால் போதும். என்னைக் கேட்டால் பராமரிப்புக்கு நிலையான வடிவம்தான் நல்லது, இதில் எனக்கு ஐயமே இல்லை.

கடைசியாக ஸ்கேன் நேரத்தை (நிரல் ஒரு சுற்று ஓடி முடிக்கும் நேரம்) இரட்டித்து ஒரு முறை பாருங்கள். சாய்வு பாதியாகக் குறைந்தால், அந்த பிளாக் ஸ்கேன் நேரத்தைப் பெருக்காமல் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பிழையைக் கூட்டிக்கொண்டே போகிறது. அப்போது ஐயின் அலகு "ஸ்கேனுக்கு". நாளை யாராவது நிரலில் நாலு வரி சேர்த்து ஸ்கேன் நீண்டால் வளையத்தின் குணமே மாறிவிடும்.

நாற்சிறகு:
இதே கதை மோட்டாரில் இன்னும் வேகமாக நடக்கும். சிறிய டிசி மோட்டார் ஒன்று: முறுக்குவிசை மாறிலி ஆம்பியருக்கு 0.05 நியூட்டன் மீட்டர், மின்தடை 2 ஓம், சடத்துவம் 0.0001 கிலோகிராம் சதுர மீட்டர். காலமாறிலி 80 மில்லிநொடி. வோல்ட்டுக்கு நொடிக்கு 20 ரேடியன் சுற்றும். மோட்டார் அட்டையில் அதையே வோல்ட்டுக்கு 191 ஆர்பிஎம் என்று அச்சிட்டிருப்பார்கள்.

சிமுலேஷனில் வேகம் ரேடியன்/நொடியில், கெயின் 0.5. வளையக் கெயின் 10. அமைதியாக ஓடும். அதே 0.5 ஐ என்கோடரிலிருந்து ஆர்பிஎம் கணக்கிடும் நிரலில் இட்டால் கெயின் 9.55 மடங்காகி, வளையக் கெயின் 95.5 ஆகிறது. 5 மில்லிநொடிக்கு ஒருமுறை அளக்கும் வளையம் இந்த மோட்டாரில் தாங்கும் எல்லை 32 தான். அதைத் தாண்டினால் ஒவ்வொரு மாதிரிக்கும் வோல்ட்டின் குறி புரண்டு, மோட்டார் இரு திசையிலும் முழு வோல்ட் வாங்கி அதிரும். ரேடியனுக்குப் பரிமாணம் இல்லை என்று புத்தகம் சொல்வது உண்மைதான். 1995 இல் அனைத்துலக எடை அளவு மாநாடு "துணை அலகு" என்ற வகுப்பையே நீக்கி, ரேடியனைப் பரிமாணமற்ற வழிநிலை அலகாக்கிவிட்டது. அதற்காக எழுதாமல் விடலாமா? நான் எல்லா இடத்திலும் எழுதுகிறேன்.

செம்பருத்தி:
எழுதுங்கள், நாற்சிறகு. ஹெர்ட்ஸும் ரேடியன்/நொடியும் பரிமாணத்தில் ஒன்றே, இடையில் 6.28 மடங்கு. அதிர்வெண்ணுக்கு எதிராகக் கெயினை வரையும் போடே படத்தின் கீழச்சில் எது என்று குறிக்காத படத்தை நான் திருத்தாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: எஸ்ஐ அலகுகளில் முறுக்குவிசை மாறிலியும் பின்மின்னழுத்த மாறிலியும் (சுழலும்போது மோட்டாரே உண்டாக்கும் வோல்ட்டுக்கானது) ஒரே எண்ணாக வருவதற்கு ரேடியன் மறைந்துபோவதுதான் காரணம். ஆம்பியருக்கு 0.05 நியூட்டன் மீட்டர், ரேடியன்/நொடிக்கு 0.05 வோல்ட். ஆர்பிஎம்மில் எழுதினால் அந்தச் சமன் உடைந்துவிடும்.

நிலைவெளி:
வளையக் கெயினுக்கு அலகு இல்லை என்பதை ஏற்கிறேன். அது ஒற்றை உள்ளீடு, ஒற்றை வெளியீடு. நிலைவெளிச் சமன்பாட்டில் இடமும் வேகமும் மின்னோட்டமும் ஒரே வெக்டரில் நிற்கின்றன. அணியின் ஒவ்வோர் உறுப்புக்கும் வேறு அலகு. அங்கே உங்கள் கணக்கு எப்படி நிற்கும்? அமைப்பு எவ்வளவு வேகமாகத் தணியும் அல்லது அலையும் என்று சொல்லும் ஐகன் மதிப்புக்கு என்ன அலகு?

செம்பருத்தி:
அருமையான கேள்வி. ஐகன் மதிப்புகள் எல்லாவற்றுக்கும் 1/நொடி, உறுப்புகளின் அலகு எப்படி இருந்தாலும். நிலை மாறிகளின் அலகை மாற்றுவது ஓர் ஆள்கூற்று மாற்றம், அதில் ஐகன் மதிப்பு அசையாது. ஆனால் அணியின் நெறிமமும் (அதன் மொத்த அளவு) சிங்குலர் மதிப்பும் (அது வெக்டரை எத்தனை மடங்கு நீட்டுகிறது என்பது) அப்படியல்ல.

தணிப்பில்லாத சுருள்வில்லில் ஓர் எடையை எடுத்துக்கொள்ளுங்கள், இயல் அதிர்வெண் 2 ரேடியன்/நொடி. இடம் மீட்டர், வேகம் மீட்டர்/நொடி என்றால் அணியின் முதல் வரி 0, 1. இரண்டாம் வரி −4, 0. சிங்குலர் மதிப்புகள் 4, 1. விகிதம் 4. இடத்தை மட்டும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். உறுப்புகள் 1000 உம் −0.004 உம் ஆகும். விகிதம் 2,50,000. இடத்தை அரை மீட்டர் அலகில் எழுதினால் உறுப்புகள் 2, −2. விகிதம் 1. மூன்றிலும் ஐகன் மதிப்புகள் அதே கற்பனை இணை, அளவு 2.

ஒரே சுருள்வில்தான். அந்த விகிதத்துக்குப் பெயர்தான் "நிபந்தனை எண்"; அது 4, 2,50,000, 1 என்று மாறுகிறது. ஆகவே அலகைச் சொல்லாமல் "இந்த அமைப்பின் நிபந்தனை எண் மோசம்" என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. மீட்டரின் வர்க்கத்தையும் மீட்டர்/நொடியின் வர்க்கத்தையும் கூட்டி வேர் எடுத்ததை "தூரம்" என்று அழைப்பதும் அப்படியே. இது பொருத்துவோரின் சிக்கல் அல்ல, நிலைவெளி. உங்கள் நிறுவல்களுக்குள் இருக்கும் சிக்கல்.

அலகு மாறினாலும் மாறாத அளவுகளைத் தேடியவர்கள் உண்டு. பல உள்ளீடு, பல வெளியீடு கொண்ட ஆலைகளில் எந்த வால்வை எந்த அளவோடு இணைப்பது என்பதற்கு பிரிஸ்டல் 1966 இல் தந்த ஒப்புக் கெயின் அணி அப்படிப்பட்டது. ஒவ்வோர் உறுப்பும் ஒரு கெயினை இன்னொரு கெயினால் வகுத்தது, அலகு தானாகவே உதிர்ந்துவிடும்.

உலைக்கூடம்:
சோதனை செய்துவிட்டேன். பி = 1, ஐ = 1 இல் உடனே 10 சதவீதம் துள்ளியது. அடுத்த 10 சதவீதம் ஏற ஒரு நிமிடம் ஆயிற்று. பியை 2 ஆக்கியபோது துள்ளல் 20 ஆனது, சாய்வு மாறவில்லை. ஸ்கேனை இரட்டித்தும் சாய்வு அப்படியே இருந்தது.

மீட்டர்பெட்டி:
நல்ல செய்தி. உங்கள் பிளாக் இணை வடிவம், ஐயின் அலகு 1/நிமிடம், ஸ்கேன் நேரத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது. பி = 5. ஐ = பியை ரீசெட் நேரத்தால் வகுத்தது. 30 நொடி என்பது அரை நிமிடம், 5 ஐ 0.5 ஆல் வகுத்தால் 10. நேராக 2 என்று இட்டிருந்தால் ரீசெட் ஐந்து மடங்கு மந்தமாகி, கதவைத் திறந்து மூடியபின் ஓவன் செட்பாயிண்டுக்குத் திரும்ப வெகுநேரம் எடுத்திருக்கும்.

நிரலில் கருத்துரையாக "பி: வெளியீடு % / 400 டிகிரி அளவெல்லையின் %. ஐ: பியின் அலகு / நிமிடம்" என்று எழுதிவையுங்கள். வெப்பநிலையில் இன்னொன்று: பிழை என்பது இரு வெப்பநிலைகளின் வேறுபாடு. அதைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றும்போது 1.8 ஆல் பெருக்கினால் போதும், 32 ஐக் கூட்டக்கூடாது.

நிலைவெளி:
செம்பருத்தி அம்மா, சுருள்வில் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். சரிதான். அப்படியானால், பிழையும் உள்ளீடும் சேர்ந்த ஒரு தொகையை மிகக் குறைவாக்கும் எல்க்யூஆர் முறையில் எடை அணிகளுக்கும் அலகு உண்டு. இடத்தின் வர்க்கத்தையும் வோல்ட்டின் வர்க்கத்தையும் ஒரே தொகையில் கூட்டுகிறோம். எடைகளை அலகு அணியாக வைத்தால், ஒரு மீட்டர் பிழையும் ஒரு வோல்ட்டும் சமமான குற்றம் என்று சொல்லிவிடுகிறோம். பிரைசன் விதி, ஒவ்வொரு மாறிக்கும் தாங்கக்கூடிய உச்ச அளவின் வர்க்கத்தால் வகுக்கச் சொல்வது இதனால்தான் போலும். இதுவரை அதை ஒரு தொடக்கத் தந்திரமாக மட்டுமே பார்த்தேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பின்னூட்டம் இருக்கும்போது அலகுப் பிழை தானாகவே திருந்திவிடாதா? கெயின் நாலு மடங்கு தவறினாலும் வளையம் ஓடத்தானே செய்கிறது?

செம்பருத்தி:
ஓடும், அதனால்தான் ஆபத்து. பின்னூட்டம் அலகுப் பிழையை மறைத்துவிடும். விளிம்பு தேய்ந்திருக்கும், யாருக்கும் தெரியாது. பின்னூட்டம் இல்லாத இடத்தில் அது குவிந்துகொண்டே போகும்.

நாசாவின் செவ்வாய்க் காலநிலைச் சுற்றுக்கலத்தில் (மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்) நடந்தது இரண்டாவது வகை. கலத்தின் சிறு உந்திகள் தந்த கணத்தாக்கைத் தரையிலிருந்த மென்பொருள் பவுண்டு-விசை நொடியில் எழுதியது. பாதையைக் கணித்தவர்களின் நிரல் அதை நியூட்டன் நொடியாக எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம். ஒவ்வொரு உந்தலும் மிகச் சிறியது. 1998 டிசம்பர் 11 இல் ஏவப்பட்டு ஒன்பது மாதம் பயணம் செய்ததில் அந்தச் சிறுமைகள் சேர்ந்தன. ஏறத்தாழ 226 கிலோமீட்டர் உயரத்தில் செவ்வாயைக் கடக்க வேண்டியது, 1999 செப்டம்பர் 23 அன்று 57 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது என்று பின்னர் கணக்கிட்டார்கள். இரு குழுக்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் அலகு நியூட்டன் நொடி என்றே எழுதியிருந்தது. தரவுக்கோப்பின் எண்களோடு அலகு கூடவே பயணிக்கவில்லை.

நாற்சிறகு:
என்னிடம் தீராத ஒரு கேள்வி. கைரோவின் (சுழலும் வேகத்தை அளக்கும் சென்சார்) விவரத்தாளில் கோணச் சீரற்ற நடை (நாய்ஸால் கோணம் விலகும் அளவு) 0.6 டிகிரி/√மணி என்று இருக்கிறது. நேரத்தின் வர்க்கமூலம் எப்படி அலகில் வந்தது? இன்னொன்று: கால்மன் வடிகட்டியை (நாய்ஸ் கலந்த அளவீடுகளிலிருந்து உண்மை நிலையை மதிப்பிடும் நிரல்) நொடிக்கு 200 மாதிரியிலிருந்து 1000 மாதிரிக்கு மாற்றினால், செயல்முறை நாய்ஸ் அணியை அப்படியே விடலாமா?

செம்பருத்தி:
வெண்ணாய்ஸை (முன்பின் தொடர்பில்லாத நாய்ஸ்) தொகையிட்டால் கோணத்தின் திட்டவிலக்கம் நேரத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். அந்த கைரோவைத் திருத்தமின்றித் தொகையிட்டால் ஒரு மணி நேரத்தில் 0.6 டிகிரி, நாலு மணி நேரத்தில் 1.2 டிகிரி. ஒரு மணியில் 3600 நொடி, அதன் வர்க்கமூலம் 60. ஆக அதுவே 0.01 டிகிரி/√நொடி.

இதை வர்க்கமாக்கினால் நொடிக்கு 0.0001 சதுர டிகிரி. இதுதான் தொடர்கால நாய்ஸின் அளவு. உங்கள் வடிகட்டிக்கு வேண்டியதோ ஒரு மாதிரிக்கு எத்தனை சதுர டிகிரி என்பது. ஆகவே மாதிரி இடைவெளியால் பெருக்க வேண்டும். 5 மில்லிநொடியில் ஒரு கோடியில் 5 பங்கு, 1 மில்லிநொடியில் ஒரு கோடியில் 1 பங்கு. 200 முறை கூட்டினாலும் 1000 முறை கூட்டினாலும் ஒரு நொடிக்கு அதே 0.0001. பழைய எண்ணை அப்படியே விட்டால் வடிகட்டி, கைரோவின் நாய்ஸ் ஐந்து மடங்கு அதிகம் என்று நம்பி, முடுக்கமானியின் பக்கம் தேவையில்லாமல் சாயும்.

அளவீட்டு நாய்ஸுக்கு இதே பெருக்கலைச் செய்யாதீர்கள். முடுக்கமானியின் ஒவ்வொரு மாதிரியிலும் நேரடியாக அளந்த மாறுபாடு என்றால் அது ஏற்கெனவே மாதிரிக்கு உரியது. விவரத்தாளின் அடர்த்தியிலிருந்து கணக்கிட்டது என்றால் பட்டையகலத்தால் பெருக்கியிருக்க வேண்டும். சென்சாரின் உள்வடிகட்டியை 1000 மாதிரிக்காக அகலப்படுத்தினீர்களா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள். அதைப் பொறுத்துத்தான் அந்த எண் மாறும்.